தீர்ப்புக்கு முன்பே தண்டனையா?



சிறை என்றதும் நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். 'தப்பு செய்தவன்தானே உள்ளே போவான்? அவனுக்கு எதற்குப் பரிவு?' என்று கேட்கிறோம். 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மக்களும் இதையேதான் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஃபவல் பக்ஸ்டன் என்ற அரசியல்வாதி.

1786இல் பிறந்த இவர் லண்டனில் ஒரு பீர் ஆலையின் பங்குதாரர். அந்தத் தொழிலில் நமக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் நன்மையை யார் செய்தாலும் அதை நன்மை என்று ஒப்புக் கொள்வதுதான் நீதி!

இவருடைய மனைவியின் அக்காள் எலிசபெத் ஃப்ரை. 1813இல் நியூகேட் சிறைக்குள் நுழைந்து, அங்கே பெண்களும் குழந்தைகளும் பட்ட அவதியைக் கண்டு கலங்கியவர். 1817இல் ஒரு மகளிர் குழுவை அமைத்து அவர்களுக்கு உடையும் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்கச் செய்தார். அது மகத்தான சேவை. ஆனால் சேவை ஒரு சிறையின் சுவரோடு நின்று விடும். எல்லாச் சிறைக்கும் போய்ச் சேர வேண்டுமானால் சட்டம் வேண்டும். அந்த இடத்தில்தான் பக்ஸ்டன் வருகிறார்.

அவர் பல சிறைகளுக்கு நேரில் போனார். பார்த்ததை 1818இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு வெய்மவுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்வானார்.

அவருடைய வாதம் எளிமையானது. ஒருவனைச் சிறையில் அடைக்கச் சட்டம் சொல்கிறது. அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதே அந்தத் தண்டனை. பட்டினி போடு, நோயைக் கொடு, விலங்கு மாட்டு, பழுத்த குற்றவாளிகளோடு அடைத்துக் கெடுத்து விடு என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லையே! தீர்ப்பில் இல்லாத தண்டனையைக் கொடுக்க சிறை அதிகாரிக்கு ஏது உரிமை?

விசாரணைக் கைதிகளைப் பற்றி அவர் கேட்டது இன்னும் கூர்மையானது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவன் நிரபராதி என்று சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, அந்த நிரபராதியை விலங்கோடு குளிரில் கிடத்தி, திருட்டைத் தொழிலாகக் கொண்டவர்களோடு மாதக்கணக்கில் அடைத்து வைப்பது எந்த நியாயம்? நல்லவனாக உள்ளே போனவன் கெட்டவனாக வெளியே வந்தால் குற்றவாளி யார்? அவனா, அரசா?

குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. கென்ட் நகரச் சிறையில் கைதிகள் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து வந்து, இது நடக்கக் கூடியதுதான் என்று எடுத்துக் காட்டினார்.

1823இல் உள்துறைச் செயலர் ராபர்ட் பீல் சிறைச் சட்டத்தை நிறைவேற்றினார். பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்கள், சிறைக் காவலருக்குச் சம்பளம், காரணமின்றி விலங்கிடத் தடை என்று பல நன்மைகள் அதில் வந்தன. ஆனால் சிறிய ஊர்ச் சிறைகளும் கடன்காரர் சிறைகளும் விடுபட்டுப் போயின. அரசு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டது 1835இல்தான். கண்காணிக்க ஆளில்லாத சட்டம் காகிதத்தில்தான் இருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சகோதரர்களே! ஆங்கிலேயர் 1894இல் போட்ட சிறைச் சட்டம்தான் நம் நாட்டுச் சிறைகளுக்கு அடித்தளமானது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் தீர்ப்பு பெறாதவர்கள்! பக்ஸ்டனின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு நாம் அரிசியும் பணமும் தருகிறோம். அல்லாஹ் அதை ஏற்றுக் கொள்வானாக. ஆனால் அது எலிசபெத் ஃப்ரை செய்த பாதி வேலை மட்டுமே. மீதிப் பாதியை யார் செய்வது? உங்கள் தொகுதி உறுப்பினரிடம் விசாரணைக் கைதிகளைப் பற்றி என்றாவது கேட்டிருக்கிறீர்களா? அப்படிக் கேட்கும்போது நம் பிள்ளைகளுக்காக மட்டும் கேட்காதீர்கள். வழக்கறிஞர் வைக்க வழியில்லாத ஒவ்வோர் ஏழைக்காகவும் கேளுங்கள். தனக்கென்று கேட்பது கோரிக்கை. எல்லோருக்கும் கேட்பதே நீதி.

கைதிக்கு உணவளிப்பவரைத் திருக்குர்ஆன் புகழ்கிறது. செய்யாத குற்றத்திற்காகப் பல்லாண்டு சிறையில் இருந்த யூசுஃப் நபி (அலை) அவர்கள், மன்னர் அழைத்தபோதும் உடனே ஓடி வரவில்லை. முதலில் உண்மையை விசாரியுங்கள் என்றார்கள். அவர்கள் வேண்டியது சலுகை அல்ல, விசாரணை. இன்று தீர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் லட்சக்கணக்கானோர் வேண்டுவதும் அதுவே.

அவர்களுக்காகப் பேசப் போகிறோமா, முகத்தைத் திருப்பிக் கொள்ளப் போகிறோமா?