போகாத சரக்கும் நாமும்

நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் மைன்கிராஃப்ட் என்னும் ஆட்டத்தை வணிகர்கள் ஒருமுறை அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஆடுபவனுக்கு மொத்தம் 36 கட்டங்கள். பெரும்பாலான பொருள்கள் ஒரு கட்டத்தில் 64 வரை அடங்கும். வாள், கோடாலி போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டம். கட்டங்கள் நிறைந்துவிட்டால் எதிரில் வைரமே கிடந்தாலும் எடுக்க முடியாது. ஆகவே பிள்ளை யோசிப்பதேயில்லை. கூழாங்கல்லையும் மண்ணையும் கீழே போடுகிறான். போட்டது ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது.

நம் குடோனுக்குக் கட்டம் கிடையாது. அதுதான் நமக்கு வினை. இன்னும் இரண்டு பெட்டியை மேலே அடுக்கலாம், பலகைக்கு அடியில் தள்ளலாம் என்று இடம் கண்டுபிடித்துக்கொண்டே போகிறோம். கெடிலமும் தென்பெண்ணையும் பக்கத்தில் ஓடும் ஊரில் அடியில் கிடக்கும் பழைய மூட்டைதான் முதலில் ஈரம் வாங்குகிறது. 2015, 2024 வெள்ளங்களைக் கண்ட நம் மாவட்டத்து வணிகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வராத ஆண்டிலும் மூலையில் கிடக்கும் பழைய ரவையிலிருந்து கிளம்பும் வண்டு, நேற்று இறக்கிய துவரம்பருப்பில் போய்க் குடியேறிவிடுகிறது.

சரக்கு தேங்குவதற்கு முக்கியக் காரணம் ஸ்கீம் ஆசை. பெட்டி 600 ரூபாய், பத்து எடுத்தால் ஒன்று இலவசம் என்கிறார் லைனுக்கு வரும் சேல்ஸ்மேன். 11 பெட்டியில் 2 காலாவதியானால், 6,000 ரூபாய் கொடுத்து 9 பெட்டி வாங்கினோம் என்று ஆகிறது. தேவைக்கு 9 மட்டும் எடுத்திருந்தால் 5,400 தான். இலவசத்துக்கு நாம் 600 ரூபாய் கொடுத்திருக்கிறோம்!

ஆட்டத்தைப் போல நாம் கீழே போட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி, அழிக்கப்பட்ட சரக்குக்கும், கணக்கில் தள்ளுபடி செய்த சரக்குக்கும், இனாமாகக் கொடுத்த சரக்குக்கும் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். காம்போசிஷனில் உள்ளவர்களுக்கு வரவே இல்லை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் கவனிக்க வேண்டியது, 10 ரூபாய்ப் பொருளைத் தேதி இருக்கும்போதே 6 ரூபாய்க்குப் பில் போட்டு விற்றால் வரவு நிற்கும். தேதி போனபின் கொட்டினால் சரக்கும் போகிறது, வரியும் போகிறது. இரண்டு மாதத் தவணை மீதமிருக்கும்போதே விலையைக் குறைத்து மெஸ், டீக்கடைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவது கௌரவக் குறைவு ஆகாது.

நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பெட்டிகள் தங்கத்தான் செய்யும். அவற்றை யார் ஏற்பது? விற்கும்போது "எக்ஸ்பைரி வந்தா மாத்திக்கலாம் அண்ணாச்சி" என்பார்கள். பெட்டியைக் காட்டும்போது கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். வாய்ப்பேச்சுக்கு வாரிசு கிடையாது. உணவுப் பொருள் தயாரிப்போர், மறுபொட்டலம் போடுவோர், இறக்குமதியாளர் ஆகியோர் காலாவதியாகியும் சந்தையிலிருந்து திரும்பியும் வந்த சரக்கின் அளவையும், அதை என்ன செய்தார்கள் என்பதையும் காலாண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. திரும்பி வரும் சரக்குக்குக் கணக்கு வைப்பது அவர்கள் கடமையாகிவிட்டபின், எங்களுக்கு அந்த ஏற்பாடே இல்லை என்ற பேச்சு எடுபடாது.

எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், எத்தனை சதவீதம் திரும்ப எடுப்பார்கள் என்பது பில்லிலேயே அச்சாக வேண்டும் என்று சங்கம் ஏஜென்சிகளிடம் கேட்க வேண்டும். தனிக்கடைக்காரர் கேட்டால் அடுத்த வாரம் அவருக்குச் சரக்கு வராது. ஊரே கேட்டால் வேறு. மழைக்காலத்துக்கு முன் இதை முடிக்கலாம். அதுவரை உறுப்பினர்கள் ஸ்கீம் சரக்கின் பில் ஓரத்தில், திரும்ப எடுப்பதாகச் சொன்னவரின் கையெழுத்தை வாங்கிவைத்துக்கொள்ளவும்.