பள்ளி என்னும் பெயர்

விழா மலரைக் கையில் எடுப்போர் அதிற் கல்லூரியின் வரலாற்றையும், அதிபர்களின் படங்களையும், பரீட்சைப் பெறுபேறுகளையும், துடுப்பாட்ட வெற்றிகளையும் எதிர்பார்ப்பர். அவற்றை எழுதுதற்கு உரியார் பலர் உளர். தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எனக்குச் சொற்களே செல்வம். ஆதலின், நாம் நாள்தோறும் வழங்கியும் நின்று நோக்காத ஒரு சொல்லை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். அது பள்ளி என்னுஞ் சொல். உலகத்து மொழிகள் பள்ளிக்கு இட்ட பெயர்கள் யாவை, அவை எங்கே பிறந்தன என்று முதலிற் பார்ப்போம். பின்னர், அப்பெயருக்கு ஏற்ப நாம் நடக்கின்றோமா என்று நம்மை நாமே கேட்போம்.

ஆங்கிலேயர் ஸ்கூல் என வழங்குஞ் சொல்லின் பிறப்பிடம் கிரேக்க நாடு. அந்நாட்டார் மொழியில் ஸ்கோலே என்பதற்கு முதற்பொருள் ஓய்வு என்பதாம். பற்றி நிறுத்துதல் என்னும் பொருளுடைய வேரினின்று அது கிளைத்தது. தொழிலினின்று கையை நிறுத்திக்கொண்ட நேரமே ஸ்கோலே. அந்நேரத்தை அறிஞர் கூடி உரையாடுதற்குப் பயன்படுத்தினர். நாளடைவில் அவ்வுரையாடலுக்கு அது பெயராயிற்று; பின்னர் உரையாடல் நிகழ்ந்த இடத்துக்கும் பெயராயிற்று. காலத்தின் பெயர் இடத்துக்கு ஆகிவந்த இதனை, காலவாகுபெயருக்கு ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டாக நம் மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

உரோமர் அச்சொல்லை ஸ்கோலா என இலத்தீனில் ஏற்றனர். அவர்களிடம் பள்ளிக்கு வேறொரு பெயரும் இருந்தது. சிறுவர் எழுத்தறியும் தொடக்கப் பள்ளியை அவர்கள் லூதுஸ் என்றனர். அச்சொல்லுக்கு மற்றொரு பொருள் விளையாட்டு. பிள்ளை விளையாடுமிடத்துக்கும் பயிலுமிடத்துக்கும் அவர்கள் ஒரு பெயரே வழங்கினர் என்பது நம் சிந்தனைக்கு உரியது.

ஸ்கோலா என்னும் இலத்தீன் சொல் ஐரோப்பா முழுவதும் பரந்தது. இத்தாலியர் ஸ்குவோலா என்றும், இசுப்பானியர் எஸ்குவேலா என்றும், பிரெஞ்சுக்காரர் எகோல் என்றும், யேர்மானியர் ஷூலே என்றும், உருசியர் ஷ்கோலா என்றும் வழங்குவர். ஹங்கேரிய மொழியும் பின்லாந்து மொழியும் இம்மொழிகளின் இனத்தைச் சார்ந்தன அல்ல; எனினும், அவையும் முறையே இஷ்கோலா என்றும் கோவுலு என்றும் இதனையே கடன்கொண்டன.

கப்பலேறிய வணிகரோடும் படையினரோடும் அச்சொல் கீழ்த்திசைக்கும் வந்தது. மலாய் மொழியிற் செகோலா என வழங்குவது போர்த்துக்கேயரின் எஸ்கோலாவே. சிங்களப் பேச்சுவழக்கிலுள்ள இஸ்கோலே என்பதும் ஐரோப்பியரோடு இந்நாட்டுக் கரையில் இறங்கியதுதான். கிழக்கு ஆபிரிக்காவிற் பேசப்படும் சுவாகிலி மொழியில் ஷூலே என்கின்றனர். தங்கனீக்கா நாட்டை 1880களிலிருந்து முதலாம் உலகப்போர் வரை யேர்மானியர் ஆண்டதன் தடயம் அது. அதற்கு அணித்தே கடலிலுள்ள சன்சிபார்த் தீவிலோ ஸ்கூலி என்பது வழக்கு. அங்கே செல்வாக்குப் பெற்றவர் ஆங்கிலேயர். ஆண்டவர் யாரென்பதை வரலாற்று நூலைத் திறவாமலே ஒரு சொல்லைக் கொண்டு ஒருவாறு உணரலாம்.

இங்கே மாணவருக்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். ஓசை ஒத்திருத்தல் ஒன்றையே கொண்டு சொற்களுக்கு உறவு கூறலாகாது. வேல்சு நாட்டார் மொழியிற் பள்ளிக்கும் ஏணிக்கும் பெயர் ஒன்றே. கல்வி உயர ஏற்றும் ஏணி என்று மேடையிற் பேசுவோருக்கு இது தேன்போல் இனிக்கும். ஆனால், அவை இரு வேறு இலத்தீன் சொற்களிலிருந்து வந்து அம்மொழியில் ஓருருவம் பெற்றவை. ஆங்கிலத்திலும் மீன் கூட்டத்தை ஸ்கூல் என்பர். அது ஒல்லாந்தர் மொழியிற் கூட்டத்தைக் குறித்த வேறொரு சொல். தமிழே உலகமொழிகட்கெல்லாம் தாய் என நிறுவப் புகுந்து, ஓசை ஒன்றையே சான்றாகக் காட்டுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. தமிழின் பெருமைக்கு இரவற் சான்று வேண்டுவதில்லை.

கிரேக்கச் சொல்லைக் கடன்கொள்ளாத மொழிகளும் பல உள. அரபு மொழியில் மதரசா என்பது பயிலுதலைக் குறிக்கும் வேரிலும், மக்தப் என்பது எழுதுதலைக் குறிக்கும் வேரிலும் பிறந்தவை. எபிரேய மொழியிற் பள்ளி என்பது நூலின் வீடு எனப் பொருள்படும். சீனத்து அறிஞரான மென்சியஸ், பண்டைய மூன்று அரச மரபினர் பள்ளிக்கு வழங்கிய மூன்று பெயர்களைக் கூறி, ஒன்றற்குப் பேணுதல் என்றும், மற்றொன்றற்குக் கற்பித்தல் என்றும், பிறிதொன்றற்கு வில்வித்தை என்றும் பொருள் உரைத்தார். துருக்கியர் மெக்தெப் என்னும் அரபுச் சொல்லையே நெடுங்காலம் வழங்கினர். 1930களில் நிகழ்ந்த மொழிச் சீர்திருத்தத்தின்போது, படி என்னும் பொருளுடைய தம் வினையடியிலிருந்து ஒகுல் என்று புதுச்சொல் ஆக்கினர். அதன் ஈறு பிரெஞ்சுச் சொல்லின் ஓசையைத் தழுவியது என்பர்.

நம் அண்டை மொழிகளை நோக்குவோம். பாடசாலை என்பது வடமொழி. சிங்களத்துப் பாசல என்பதும் அச்சொல்லே. விகாரையைக் குறிக்கும் பன்சல என்னும் சிங்களச் சொல், இலைகளால் வேய்ந்த குடிலாகிய பர்ணசாலை என்பதன் திரிபு. அங்கேதான் பண்டு கிராமத்துச் சிங்களச் சிறுவர் பிக்குகளிடம் எழுத்தறிந்தனர். வித்தியாலயம் என்னும்போது நாம் கல்விக்கு ஓர் ஆலயம் எழுப்புகின்றோம். 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தாம் நிறுவிய பள்ளிக்குச் சைவப்பிரகாச வித்தியாசாலை எனப் பெயரிட்டார். நம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கல்லூரி என்பதோ புதுச்சொல் அன்று. சீவக சிந்தாமணியில் ஆளப்பட்ட பழஞ்சொல்.

இனித் தமிழர்க்கே உரிய பள்ளி என்னுஞ் சொல்லைக் காண்போம். பள்ளிகொள்ளுதல் என்பது துயிலுதல். பள்ளியறை படுக்கையறை. திருப்பள்ளியெழுச்சி இறைவனைத் துயிலெழுப்பும் பாட்டு. மதுரைக்கு அணித்தான மாங்குளத்துக் குன்றிலே சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் செதுக்கிக் கொடுக்கப்பட்டன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிற் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், பழைய எழுத்தமைதியிற் பள்ளி என்னுஞ் சொல்லும் காணப்படுகின்றன. அவை கி.மு. 2 ஆம் நூற்றாண்டின என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. துயிலும் இடத்தைக் குறித்த சொல் துறவோர் உறையும் இடத்துக்கு ஆயிற்று. அத்துறவோர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தமையாற் கற்குமிடமும் பள்ளி ஆயிற்று. பள்ளிக்கூடம் என்னும் வழக்கும் எழுந்தது. இஃது அறிஞர் பலர் கொண்ட முடிபு.

மலையாளத்தில் இன்றும் பள்ளி என்றாற் கிறித்தவர் கோயிலும் முசிலிம்களின் தொழுகையிடமும் ஆகும். நாமும் பள்ளிவாசல் என்கின்றோம். இதற்கு எதிர்ப்புறமாக, ஐரோப்பிய யூதர் தம் இத்திஷ் மொழியிலே தொழுகைக்கூடத்தை ஷுல் என்பர். அது பள்ளியைக் குறித்த ஷூலே என்பதன் வழிவந்தது. ஓரிடத்தில் வழிபாட்டிடத்தின் பெயர் பள்ளிக்கு வந்தது; மற்றோரிடத்திற் பள்ளியின் பெயர் வழிபாட்டிடத்துக்குச் சென்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அரபியர் எழுத்தையும், எபிரேயர் நூலையும், வடமொழியாளர் பாடத்தையும் கண்டு பெயரிட்டனர். கிரேக்கரும் தமிழருமோ ஓய்வைக் கண்டு பெயரிட்டனர். ஒருவரையொருவர் பார்த்து இட்ட பெயர்கள் அல்ல இவை. ஆயினும், இரு மக்களின் அறிவும் ஓரிடத்தில் வந்து கூடியது. உடம்பும் உள்ளமும் அமைதியுற்ற இடத்திலேதான் கல்வி தங்கும் என்பதே அவ்விரு பெயர்களும் கூறும் செய்தி.

நிற்க. ஓய்வு என்றாற் சோம்பல் என மயங்குதல் கூடாது. சோம்பேறிக்கு வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. ஓய்வாவது, கூலிக்காகவோ அச்சத்துக்காகவோ அன்றி, அறியும் விருப்பத்துக்காகவே ஒன்றிலே மனத்தை நிறுத்தும் நிலை. நாம் உழைப்பது ஓய்வின்பொருட்டே என்னும் கருத்தை அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலிலே விளக்கினார்.

அப்பழைய ஓய்வு எல்லார்க்கும் கிட்டியதன்று என்பதையும் மறைத்தலாகாது. கிரேக்கத்திற் சிலர் ஓய்ந்திருந்து தத்துவம் பேசுதற்கு அடிமைகள் உழைத்தனர். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் திண்ணையில் ஏறியமர எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்ததில்லை. 1945 ஆம் ஆண்டிற் கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா காலத்தில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பெருமை இங்கேயே விளங்குகின்றது. அது வறியவன் மகனுக்குப் பாடத்தை மட்டும் கொடுக்கவில்லை. வயலினின்றும் கடையினின்றும் அவனை விடுவித்து, செல்வன் மகனுக்கு இருந்த ஓய்வை அவனுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் அப்பங்கினாலேயே மருத்துவராயினர், பொறியியலாளராயினர், ஆசிரியராயினர்.

அந்தப் பங்கு இன்று எங்கே போயிற்று? விடியற்காலையில் ஒரு வகுப்பு, பின்னர் பாடசாலை, அது முடிந்ததும் உடை மாற்றாமலே ரியூட்டரி, இரவிலே வீட்டுப் பாடம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிடுகின்றது. வறிய பிள்ளைக்கு வாய்ப்பளிக்க எழுந்த அப்பரீட்சை, பெற்றோர் பலருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பழைய திண்ணை ஆசிரியர் கையிற் பிரம்பு இருந்தது. ஆயினும், அமாவாசையிலும் பூரணையிலும் அவர் பள்ளி நடத்தவில்லை. இன்றோ பூரணை தினத்திற் பாடசாலை மூடியிருக்க, ரியூட்டரி திறந்திருக்கின்றது.

ரியூசன் என்னுஞ் சொல்லுக்கும் ஒரு பிறப்பு உண்டு. இலத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குக் காவல் என்று பொருள். ரியூட்டர் என்பவன் காவலன். பிள்ளையின் கல்விக்குக் காவலாக வந்தது, அக்கல்விக்கு ஆதாரமான ஓய்வையே விழுங்கிவிட்டது. வேலியே பயிரை மேய்தல் என்பது இதுவன்றோ!

பெற்றோரைக் குறைகூறுதல் எளிது, முறையன்று. பல்கலைக்கழகத்தில் இடம் குறைவு, போட்டி மிகுதி, அயல்வீட்டுப் பிள்ளை போகும்போது தம் பிள்ளையை வீட்டில் இருத்த எத்தாய்க்கு மனம் துணியும்? போரினாற் பாடசாலைகள் இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலே தனியார் வகுப்புகள் பலருக்குக் கைகொடுத்தன என்பதும் உண்மை. பின்தங்கிய மாணவனுக்குத் தனித்துணை வேண்டற்பாலதே. வகுப்பறையில் நாம் முற்றக் கற்பித்தாற் பிள்ளைகள் ஏன் வெளியே ஓடுகின்றனர் என்று கேட்போருக்கு ஆசிரியராகிய நாமும் விடை கூறுதல் வேண்டும். நோய் இன்னது என ஒருவர்மேற் சுமத்துதல் என் நோக்கமன்று. நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள்.

பரீட்சைக்கு விடை ஒப்புவிக்கும் மாணவன் பெருகியுள்ளான்; பாடத்தில் இல்லாத ஒரு நூலைத் தானே எடுத்து வாசிக்கும் மாணவன் அருகிவிட்டான். செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதுவான். அச்செய்யுள் அவனுக்குப் பிடித்ததா என்று கேட்டால் மயங்குவான். பிடிப்பதற்கும் பிடிக்காமற் போவதற்கும் நேரம் வேண்டும். அந்நேரம் அவனிடம் இல்லை. நினைப்பதற்கு நேரமில்லாத தலைமுறை ஒன்றினிடம் நம் மொழியையும் ஊரையும் ஒப்படைத்தால், அவர்கள் அவற்றை எங்ஙனம் ஆளுவர்?

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து தாங்கள் அனுப்பும் பணத்தாற் கட்டடங்கள் எழுகின்றன, நன்றி. இனி எழுப்ப வேண்டியது கட்டடமன்று, நேரம். கல்லூரி நூலகம் மாலை 6 மணி வரை திறந்திருக்க ஒரு நூலகருக்கு வேதனம் கொடுங்கள். பரீட்சைக்கு உதவாத நல்ல நூல்களை வாங்கி அடுக்குங்கள். வாரத்தில் ஒரு மாலையேனும், வெற்றிக் கிண்ணத்துக்காக அன்றி விளையாட்டுக்காகவே மைதானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். அம்மாலையில் எவ்வகுப்பும் நடத்துவதில்லை என நம் கல்லூரி ஆசிரியர் யாவரும் உறுதி கொள்வோம். தங்கள் பிள்ளைகளை அன்று எங்கும் அனுப்புவதில்லை எனப் பெற்றோர் உறுதி கொள்ளட்டும். ஒரு மாலையாற் பெறுபேறு வீழ்ந்துவிடாது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் நாள்தோறும் நுழையும் வாயிலுக்கு உங்கள் முன்னோர் இட்ட பெயர் அமைதியின் பெயர். கல்லின்மேற் படுக்கையை வெட்டிக்கொண்டு அவ்வமைதியைக் காத்தவர் இருந்தனர். அது உங்கள் முதுசம். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.