பட்டியல் போதும், புத்தகத்தைக் கொடுங்க

எனக்கு ஊர் கணியூர். மடத்துக்குளம் பக்கத்துக் கணியூர் இல்லை. அவிநாசியிலிருந்து கோவை போகிற ஆறுவழிச் சாலையில் டோல்கேட் இருக்கிற கணியூர். சோமனூர், கருமத்தம்பட்டி தறிச் சத்தத்துக்கும் கார்ச் சத்தத்துக்கும் நடுவில் வளர்ந்தவன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் என்றால் பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

அப்படி ஒரு ரேஸ் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் வீட்டில் மோட்டார் ரேஸ் புத்தகங்கள் மட்டுமே ஒரு அலமாரி நிறைய இருக்கும். அன்றைக்கு அவர் வாயில் கரோல் ஸ்மித் எழுதிய 'ட்யூன் டு வின்'. "ரேஸ் காரப் பத்திப் பேசறவன் அதப் படிக்காம இருக்கவே கூடாது" என்றார். பக்கத்தில் ஒரு பட்டறைக்காரர் நின்றிருந்தார். முப்பது வருடமாக ரேஸ் கார்களுக்குச் சட்டம் பற்றவைக்கிறவர். "ஒரு வாரம் குடுங்க, பாத்துட்டுத் தந்தர்றனுங்க" என்று கேட்டார்.

"கையெல்லாம் கிரீஸா இருக்கும், புக்கு வீணாப் போயிரும். அதுவுமில்லாம அது இங்கிலீஷுங்க."

பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கரோல் ஸ்மித் யார்? ரேஸ் ஓட்டியவர், பிறகு எஞ்சினியரானவர், 1960-களில் ஃபோர்டின் லீ மான்ஸ் முயற்சியில் வேலை பார்த்தவர். 1978-ல் வந்த அந்தப் புத்தகம் ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதைக் கிரீஸ் படாமல் காப்பாற்றுவது, அரிவாளைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிட்டு விவசாயத்தைப் பற்றிப் பேசுவது போல.

நம் நண்பர்கள் வட்டத்தில் 'சிபாரிசு' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அட்டைப் படங்களை அடுக்கி ஒரு போட்டோ, "கட்டாயம் படிக்க வேண்டிய பத்து" என்று ஒரு தலைப்பு. யாருக்கு, எதற்காக, எந்த அத்தியாயத்திலிருந்து என்று ஒரு வார்த்தை இருக்காது. பாதிப் புத்தகங்கள் அச்சில் இல்லாதவை. பழைய பிரதி கிடைத்தாலும் ஒரு தையல்காரரின் வாரக்கூலி அதற்குப் போதாது. அலமாரி திறக்காதபோது அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன லாபம்? "எங்கிட்ட இருக்கு, உங்கிட்ட இல்ல" என்பதைத்தான் அது மரியாதையாகச் சொல்கிறது.

சிபாரிசு என்றால் ஆளைப் பார்த்துச் சொல்வது. எங்கள் ஊர்ப் பக்கம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஆறுவழிச் சாலையில் பைக்கை முறுக்குகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாம்பியன்களின் சுயசரிதை வேண்டாம். 'நான் சென்னா' என்று அவர்கள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். நான் கொடுப்பது சிட் வாட்கின்ஸ் எழுதிய 'லைஃப் அட் தி லிமிட்'. மூளை அறுவை சிகிச்சை நிபுணர். 1978-லிருந்து ஃபார்முலா ஒன் பந்தயங்களின் மருத்துவப் பொறுப்பைச் சுமந்தவர். 1994 மே 1 அன்று இமோலாவில் சென்னாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டவர். வேகத்தின் மறுமுனையில் ஒரு டாக்டர் நிற்கிறார் என்பது அந்தப் புத்தகத்தில் தெரியும். ஒரு தம்பி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். மறு வாரம் ஹெல்மெட் வாங்கியிருந்தான். எனக்கு அது போதும்.

"அதுவுமில்லாம இங்கிலீஷ்" என்ற இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் ரேஸ் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1955 மே 1, இத்தாலியின் மில்லே மில்யா பந்தயம். பொதுச்சாலையில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டினார். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். முன்கூட்டியே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்து, வளைவு வளைவாக எழுதிய குறிப்புகள் ஒரு நீளமான காகிதச் சுருளில். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. ஜென்கின்சன் சுருளைப் படித்துப் படித்துக் கை ஜாடையில் சொல்ல, மாஸ் அதை நம்பி மிதித்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. ஜெயித்தார்கள்.

ஸ்டீயரிங் பிடித்தவரால் அந்த நேரத்தில் படிக்க முடியாது. படிக்க முடிந்தவர் அவருக்காகப் படித்தார். "உனக்குப் படிக்க வராது, அதனால் தரமாட்டேன்" என்று ஜென்கின்சன் சுருளை மடியில் மூடி வைத்திருந்தால் முதல் வளைவிலேயே இருவரும் போயிருப்பார்கள்.

நான் மிச்சம் பிடித்து ஒரு பழைய 'ட்யூன் டு வின்' வாங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பட்டறையில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. அந்த டயருக்குக் கூடுகிற பிடிப்பைவிட உள்பக்க டயர் இழக்கிற பிடிப்பு அதிகம் என்று சொன்னபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தரையில் சாக்பீஸால் ஒரு காரை வரைந்தார். "அதுக்குத்தான் காரத் தாழ்வா வெய்யி, தாழ்வா வெய்யின்னு சொன்னாங்களா?" முப்பது வருடம் கை செய்துகொண்டிருந்த வேலைக்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. பதிலுக்கு அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, குழாயைப் பற்றவைக்கும்போது சட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை. புத்தகம் கொடுத்தால் இப்படியும் ஒன்று திரும்பி வரும்.

இதில் பணயம் சின்னதில்லை. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதி பந்தயங்களில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்து ட்ராக்குக்கு அவர் பெயர். அவர் பெயர் ட்ராக்கில் இருக்கிறது, எங்கள் வட்டத்துப் பட்டியல்களில் அவரைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம்கூட இதுவரை வந்ததில்லை. அந்தக் கார்களைத் தொட்ட கைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களிடம் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால்தான் கதை வெளியே வரும். "கிரீஸ் கை" என்று விரட்டினால், அந்தக் கையோடு போய்விடும்.

"கடன் கொடுத்தா திரும்பி வராது" என்பீர்கள். உண்மைதான். எனக்கும் இரண்டு வரவில்லை. ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி வாங்குங்கள். அப்படியும் தொலைந்தால், எங்கோ ஒருவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் புத்தகமும் தொலைந்ததுதான், முகவரி மட்டும் நமக்குத் தெரியும்.

என் பிரதி இப்போது பட்டறையில்தான் இருக்கிறது. சஸ்பென்ஷன் அத்தியாயத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக. அடுத்து வேண்டுமென்கிறவர்கள் அவரிடம் கேளுங்கள். இங்கிலீஷ் வராதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வாங்க, நான் படிச்சுச் சொல்றேன்.