நிலம் இருக்குதே, நஷ்டம் என்ன என்கிறார்கள்!



விடியக்காலையில் தண்ணி பாய்ச்சப் போன விவசாயியை லாரி அடித்துப் போட்டுவிடுகிறது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்பதே அடிபட்டவருக்காக வந்ததுதான். ஆனால், நஷ்டஈடு கேட்டு அவர் மனைவி கோர்ட்டுப் படி ஏறினால் கம்பெனி தரப்பில் கேட்பதென்ன? "சம்பளச் சீட்டு எங்கே? நிலம் அப்படியே இருக்குதே, நஷ்டம் என்ன?"

மடை திறக்கவும் களை எடுக்கவும் நிலமே எழுந்து வருமா? ஆள் வைத்துப் பார்க்கும் செலவு குடும்பத்துக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. 40 வயதுக்குள் இறந்த சுயதொழில்காரரின் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டிக் கணக்கிடவும் 2017-ல் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாதா?

வக்கீலைத் திட்டிப் பயனில்லை. எதைப் பேசி முடிப்பது, எதை இழுப்பது, எதில் அப்பீல் போவது என்று முடிவு பண்ணுவது கம்பெனியின் தேர்டு பார்ட்டி க்ளைம் பிரிவு. அதன் தலைமை அதிகாரியைத்தான் நாம் கேட்கணும்.

2022 ஏப்ரல் 1 முதல் அமலான சட்டப்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்கணும். அவர் 30 நாளில் தீர்ப்பாயத்தில் தொகை சொல்லலாம். குடும்பம் சம்மதித்தால் அடுத்த 30 நாளுக்குள் பணம் தரணும். வழி இருக்கிறது, மனசுதான் இல்லை!

பொய்க் கேஸ் வருகிறது என்பார்கள். பிடிக்கட்டும், வரவேற்கிறோம். அதற்காக, எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் கையில் வைத்திருக்கும் விதவையை ஏன் அலைக்கழிக்கணும்?

நம் கோரிக்கைகள்:

1. எவ்வளவு குறைத்தார் என்று பார்த்து அதிகாரியை மெச்சாதே! எத்தனை குடும்பத்துக்குச் சீக்கிரம் கொடுத்தார் என்று பார்!

2. சம்பளச் சீட்டு கேட்காதே! வயலுக்கு வந்து பார், பட்டா சிட்டா அடங்கலைப் பார்!

3. தீர்ப்பு இருக்கும் விஷயத்தில் அப்பீல் போகாதே!

நமக்கும் ஒரு எச்சரிக்கை. தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் கூடுதலாகக் கேட்டுப் போட்ட வழக்கு அத்தோடு முடிந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் கைநாட்டு வைக்காதீர். இந்தச் சட்டம் வழக்குப் போட 6 மாதக் கெடுவும் வைத்திருக்கிறது. கருமாதி முடியட்டும் என்று காத்திருந்து, அப்படியே அறுப்பும் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். சங்கமாகப் போவோம், வாருங்கள்!