எது ‘சம்பவம்’ என்று முடிவுசெய்வது யார்?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அந்தச் சாதனங்களை நிர்வகிக்கப் பயன்பட்ட ‘மொபைல் கார்டியன்’ செயலிக்குள் யாரோ ஊடுருவியதே காரணம். மாணவர்களின் கோப்புகளை ஊடுருவியவர் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்று கல்வி அமைச்சு தெரிவித்தது.

அப்படியென்றால் எதுவும் திருடுபோகவில்லை. ஆனால், தேர்வுக்காக எழுதிவைத்த குறிப்புகளை இழந்த ஒரு மாணவரிடம் அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா?

அதே ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனத்தில் வேறு விதமான ஊடுருவல் நடந்தது. அப்போது 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. ஒன்று கசிவு, மற்றொன்று அழிப்பு. இரண்டும் ‘தரவுப் பாதுகாப்புச் சம்பவம்’ என்றே நாம் நினைப்போம். ஒப்பந்தங்கள் எல்லாம் அப்படி நினைப்பதில்லை.

வணிகவியல் படிக்கும் நான், இந்தப் பருவத்தில் ஒப்பந்தச் சட்டத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். மாதிரி ஒப்பந்தங்களைக் கையில் கொடுத்தால் எங்களில் பலரும் முதலில் தேடுவது விலையையும் இழப்பீட்டுத் தொகையையும்தான். சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுவோம். ஆனால், அறிவிப்பு, விசாரணை, இழப்பீடு ஆகிய விதிகள் எல்லாமே ‘சம்பவம் நிகழ்ந்தால்’ என்றுதான் தொடங்குகின்றன. நடந்தது அந்தச் சொல்லுக்குள் அடங்காவிட்டால், அந்த விதிகள் இருந்தும் பயனில்லை.

‘தகவல் வெளியாட்களுக்கு வெளியிடப்படுதல்’ என்று மட்டும் ஓர் ஒப்பந்தம் சொன்னால், தரவு அழிக்கப்படுவது அதில் சேராது. ‘உறுதிசெய்யப்பட்ட ஊடுருவல்’ என்று சொன்னால், சந்தேகம் எழுந்த நாளில் சேவை நிறுவனம் வாய்திறக்க வேண்டியதில்லை. விசாரித்து உறுதிசெய்ய ஒரு மாதம் ஆனால், தரவின் சொந்தக்காரர்கள் அந்த ஒரு மாதமும் எதுவும் அறியாமல் இருப்பார்கள். ‘நிறுவனத்தின் கணினிகளில்’ என்று சொன்னால், அந்நிறுவனம் துணைக் குத்தகைக்கு விட்ட இன்னொருவரின் கணினி கணக்கில் வராமல் போகலாம்.

இதை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2018ல் சிங்ஹெல்த் கட்டமைப்பிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் பறிபோயின. அறிகுறிகளை ஊழியர்கள் சிலர் முன்னதாகவே கவனித்திருந்தனர். ஆனால், மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர், எது ‘பாதுகாப்புச் சம்பவம்’, எப்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தார் என்று 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை குறிப்பிட்டது. அதே மாதத்தில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் கணினிக் கட்டமைப்பை நிர்வகித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

சட்டம்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் தரவைப் பார்ப்பது, நகலெடுப்பது, மாற்றுவது, அழிப்பது ஆகியவையும் தரவு மீறல்தான். பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனம், மீறல் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தாலே தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். சட்டமே ‘நம்பக் காரணம்’ போதும் என்னும்போது, ஒப்பந்தம் ‘உறுதிசெய்யப்பட்ட’ என்று ஏன் எழுத வேண்டும்? ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கூடுதல் பாதுகாப்பைத் தர வேண்டும். குறைவாகத் தந்தால், நாளை தகராறு எழும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே வாதாடுவார்கள்.

சேவை நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இணையத்தோடு இணைந்த எந்தக் கணினியின் கதவையும் நாள் முழுவதும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். தவறான மறைச்சொல்லை யாரோ தட்டச்சு செய்ததை எல்லாம் சம்பவம் என்று அறிவித்தால், உண்மையான எச்சரிக்கை அந்தக் குவியலில் காணாமல் போகும். எனவே தோல்வியடைந்த முயற்சிகளை விலக்கிவிடலாம். ஆனால், உள்ளே நுழைந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகத்தை விலக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது கடினமல்ல.

இது வழக்கறிஞர்களின் வேலை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் மாணவர் மன்றங்களை நடத்துபவர்கள் நாம்தான். முகாமுக்கு ஆள் சேர்க்கும்போது பெயர், கைப்பேசி எண், உணவு ஒவ்வாமை என்று எல்லாவற்றையும் வாங்குகிறோம். பதிவுக்காக ஏதோ ஒரு நிறுவனத்தின் தளத்தைப் பயன்படுத்துகிறோம். ஆணையத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய மீறல் என்பது 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதிப்பது, அல்லது பாதிக்கப்பட்டவருக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியது. 80 பேர் கலந்துகொண்ட முகாமின் பெயர்ப்பட்டியலும் கைப்பேசி எண்களும் கசிந்தால் அந்த வரம்பை எட்டாமல் போகலாம். அப்போது நமக்குக் கைகொடுக்கக்கூடியது நாம் கையெழுத்திட்ட தாள்தான்.

அடுத்தமுறை அப்படியொரு தாள் உங்கள் மேசைக்கு வந்தால், விலையைப் பார்த்த பிறகு சொல்விளக்கப் பகுதிக்குத் திரும்புங்கள். மூன்று கேள்விகள் போதும். தரவு அழிந்தாலும் அது சம்பவமா? சந்தேகம் எழுந்தாலே சொல்வார்களா? அவர்களுடைய துணைக் குத்தகையாளரும் இதில் அடக்கமா? ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், கையெழுத்திடும் முன் திருத்தித் தரும்படி கேளுங்கள். மாணவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக எந்த நிறுவனமும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொண்டால், நம் தரவை அவர்களிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில்.