யூனியாவை ஆணாக்கியவர்கள்

அப்போஸ்தலர்களில் பெண் இல்லை, ஆகவே பலிபீடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்கிறார்கள். நான் ரோமர் நிருபம் 16:7ஐக் காட்டுகிறேன். பவுலோடு சிறையிருந்த யூனியா, அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவள். 4ஆம் நூற்றாண்டில் பிறந்த கிறிசோஸ்தோம் பெண்களுக்குப் பரிந்து பேசுபவரல்ல. அவரே அவளைப் பெண் அப்போஸ்தலராகப் போற்றினார். ரோமாபுரிக் கல்வெட்டுகளில் யூனியா என்ற பெண்கள் நிறைய. ‘யூனியாஸ்’ என்ற ஆண் ஒருவனும் இல்லை. ஆனாலும் 1927இல் நெஸ்லேயின் கிரேக்கப் பதிப்பு ஓர் அழுத்தக்குறியை மாற்றி அவளை ஆணாக்கியது. 1998இல்தான் மறுபடி பெண்ணானாள். உடனே, ‘அப்போஸ்தலர்களுக்கு அறிமுகமானவள், அவ்வளவுதான்’ என்கிறார்கள். ஆணாக இருந்தவரை இவ்வளவு வாதாடினார்களா? மரபைக் காக்கிறோம் என்பவர்களைக் கேட்கிறேன்: எந்த மரபை? அவளைப் போற்றியதையா, அழித்ததையா?