நுரை போன்றதொரு வானம்



தாவீது அண்ணாந்து நோக்கிய வானத்தில் விண்மீன்கள் விதை தூவினாற்போல் சிதறிக் கிடப்பதாகவே நம்மிற் பலர் எண்ணுகிறோம். 1986ஆம் ஆண்டு அமெரிக்க வானியலாளர் மார்கரெட் கெல்லரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட வரைபடம் வேறொன்றைக் காட்டிற்று. ஏறத்தாழ 1,100 விண்மீன் மண்டலங்களின் தூரங்களை அளந்து குறித்தபோது, அவை சவர்க்கார நுரையின் மென்படலம்போல் பெருங்குமிழிகளைச் சுற்றியே படிந்திருந்தன. குமிழிகளின் உள்ளே அநேகமாக ஒன்றுமில்லை. 1981இல் அறியப்பட்ட பூவோட்டீஸ் வெற்றிடம் மட்டுமே 30 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் அகன்றது.

இது எங்ஙனம் உருவாயிற்று? பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளின் பின் வெளிப்பட்ட ஒளியின் எச்சம் இன்றும் எத்திசையிலிருந்தும் வருகின்றது. அதிலுள்ள சிறு வேறுபாடுகளைக் கோபே செய்மதி கண்டதாக 1992இல் அறிவிக்கப்பட்டது. அவை இலட்சத்தில் ஒரு பங்களவே! சற்றே அடர்ந்த இடம், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் துணையோடு, ஈர்ப்பினால் மேன்மேலும் திரட்டிக்கொண்டது. ஐதான இடம் வெறுமையாயிற்று. அந்த வேறுபாடு அறவே இல்லாதிருந்தால் பால்வீதி இல்லை, சூரியன் இல்லை, இதனை வாசிக்கும் நீங்களும் இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்படுவதே ஒழுங்கு என்போருக்கு (அத்தகையோர் ஆலயத்திலும் உளர், அரசியலிலும் உளர்) இது சங்கடமான செய்திதான்.

நமது பால்வீதி அடங்கிய பெருந்தொகுதிக்கு 2014இல் பிரென்ட் டல்லி குழுவினர் 'லனியாக்கேயா' எனப் பெயரிட்டனர். ஹவாய் மொழியில் அளவிறந்த வானம் என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஓர் இலட்சம் விண்மீன் மண்டலங்கள் அதில் உள்ளன. நாம் இருப்பது அதன் ஓரத்திலே.